501-ஆவது யூனிட்டின் விலை 233 ரூபாய்: மின்மீட்டரைப் படிப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தமிழ்நாட்டு வீட்டு கரண்ட் பில்லில் 500 யூனிட்டுக்கும் 501 யூனிட்டுக்கும் நடுவே ஒரு பள்ளம் இருக்கிறது. 2022 செப்டம்பர் 10-இல் நடைமுறைக்கு வந்த விகிதத்தை வைத்தே கணக்குப் போட்டுப் பார்ப்போம். இரண்டு மாதத்தில் 500 யூனிட் வரை ஓடினால் முதல் 100 இலவசம், அடுத்த 100-க்கு யூனிட் 2.25, 201 முதல் 400 வரை 4.50, 401 முதல் 500 வரை 6 ரூபாய். மொத்தம் 1,725 ரூபாய். ஒரே ஒரு யூனிட் கூடி 501 ஆகிவிட்டால் அட்டவணையே மாறிவிடும். 101 முதல் 400 வரை அனைத்துக்கும் 4.50, அடுத்த நூறுக்கு 6, 501-ஆவது யூனிட்டுக்கு 8 ரூபாய். மொத்தம் 1,958. அந்த ஒரு யூனிட்டின் உண்மை விலை 233 ரூபாய். அதன் பிறகு 2024 ஜூலையில் 4.83 சதவீத உயர்வு வந்தது. நீங்கள் கணக்குப் போடும்போது இன்றைய விகிதத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

பில் வந்த பிறகு மீட்டரைப் போய்ப் பார்ப்பதுதான் பெரும்பாலான வீடுகளில் வழக்கம். அதற்குள் காரியம் கைமீறியிருக்கும். மீட்டர் பார்க்க வேண்டிய நேரம் இரண்டு மாத பில் சுழற்சியின் நாற்பதாவது நாளிலிருந்து ஐம்பதாவது நாளுக்குள்.

ஓர் உதாரணம். ஜூன் 3-இல் ரீடிங் 18,240. ஜூலை 20-இல் 18,652. நாற்பத்தேழு நாளில் 412 யூனிட், அதாவது நாளுக்கு 8.77. இதே வேகத்தில் போனால் ஆகஸ்ட் 2-இல், அறுபது நாள் முடியும்போது, 526-இல் நிற்கும். பில் 2,158 ரூபாய். மீதமிருக்கும் 13 நாளை 88 யூனிட்டுக்குள் அடக்கினால் 500-இல் நிறுத்திவிடலாம். அதற்கு நாளுக்கு 2 யூனிட் குறைத்தால் போதும். மிச்சப்படும் 26 யூனிட்டுக்குக் கிடைக்கும் லாபம் 433 ரூபாய், யூனிட்டுக்கு 16 ரூபாய் 65 காசு. ஏசியை இரவில் ஒன்றரை மணி நேரம் முன்னதாக நிறுத்துவதற்கு இதைவிடப் பெரிய கூலி வேறெப்போதும் கிடைக்காது. மாறாக, எப்படியும் 700 யூனிட் ஓடும் வீட்டில் கடைசி வாரத்தில் இருட்டில் உட்காருவதால் யூனிட்டுக்கு 9 ரூபாய்தான் மிஞ்சும். எந்த நேரத்தில் சிக்கனம் பலன் தரும் என்பதை மீட்டரும் தேதியும் சேர்ந்துதான் சொல்லும்.

தேதியை மறப்பது இதோடு ஒட்டிய தவறு. போன பில் 470, இந்தப் பில் 510 என்று இரண்டு எண்களை மட்டும் ஒப்பிட்டு, “மீட்டர் ஓடுது” என்று முடிவுகட்டிவிடுகிறோம். முந்தைய சுழற்சி 58 நாள், இது 63 நாள் என்றால் நாளுக்கு 8.10 யூனிட் ஒன்று, இன்னொன்றும் 8.10. வீட்டில் எதுவுமே மாறவில்லை. நாளுக்கு 8 யூனிட் ஓடும் வீட்டில் 60 நாளில் ரீடிங் எடுத்தால் 480. மூன்று நாள் தள்ளி எடுத்தால் 504. ஆகவே ரீடிங் எடுத்த நாளைத் துல்லியமாகக் குறித்துவையுங்கள். பில்களை ஒப்பிடும்போது மொத்த யூனிட்டை விட்டுவிட்டு, நாள் ஒன்றுக்கு எத்தனை யூனிட் என்பதை மட்டும் ஒப்பிடுங்கள். கதவு பூட்டியிருந்த காலத்துக்கு முந்தைய பில்லை வைத்துத் தோராயமாகப் போட்டிருந்தால், அடுத்த பில்லில் நான்கு மாத ஓட்டம் ஒரே சுழற்சியின் தலையில் ஏறியிருக்கிறதா என்பதைப் பார்க்காமல் பணம் கட்டாதீர்கள். ஊருக்குப் போகும் முன் மீட்டரைப் படம் எடுத்து வைப்பது இதற்காகத்தான்.

திரையில் எந்த வரி?

இப்போதைய டிஜிட்டல் மீட்டரும் ஸ்மார்ட் மீட்டரும் ஒரே எண்ணைக் காட்டிக்கொண்டு நிற்பதில்லை. சில விநாடிக்கு ஒரு முறை திரை மாறும்: தேதி, நேரம், மொத்த யூனிட், வோல்டேஜ், ஆம்பியர், இப்போதைய பளு (லோடு), உச்சப் பளு, பவர் ஃபேக்டர். பட்டனை அழுத்தினால் இன்னும் பல வரிகள் வரும். பில்லுக்குத் தேவையானது கேடபிள்யூஎச் என்று பொடி எழுத்தில் ஓரத்தில் தெரியும் மொத்த எண் மட்டுமே. ஒரு கேடபிள்யூஎச்-தான் ஒரு யூனிட்.

இங்கே நடக்கும் குழப்பங்களில் முதலாவது, கேவிஏஎச் என்ற வரியைப் படிப்பது. பெயரும் எண்ணும் பார்க்கக் கிட்டத்தட்ட ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் அது எப்போதும் கேடபிள்யூஎச்-க்குச் சமமாகவோ கூடுதலாகவோதான் ஓடும். ஒரு முறை இதையும் அடுத்த முறை அதையும் குறித்தால், இரண்டு மாதக் கணக்கில் பல நூறு யூனிட் காற்றில் முளைக்கும் அல்லது மறையும்.

இரண்டாவது, முந்தைய மாதத்தின் உறைந்த ரீடிங். இந்திய ஸ்மார்ட் மீட்டர்கள் பொதுவாக மாதம் பிறக்கும் நள்ளிரவில் அன்றைய மொத்த எண்ணைப் படம்பிடித்ததுபோல் தனியே சேமித்துக்கொள்ளும். அந்த வரி அடுத்த மாதம் பிறக்கும்வரை அசையாது. பத்து நாள் தொடர்ந்து அதையே பார்த்துவிட்டு “மீட்டர் நின்றுபோச்சு” என்று புகார் கொடுக்கப் போகிறவர்கள் உண்டு. எண் அசைகிறதா என்று தெரிய, இஸ்திரிப் பெட்டியைப் போட்டு பத்து நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். தசம இடத்திலாவது மாற்றம் தெரிய வேண்டும்.

மூன்றாவது, எம்டி என்று வரும் உச்சப் பளு. அது கிலோவாட்டில் இருக்கும், யூனிட் அல்ல. அரை மணி நேரச் சராசரிகளில் மிகப் பெரியது எதுவோ அதுவே பெரும்பாலும் எம்டி. மோட்டார் கிளம்பும் ஒரு நொடியில் இழுக்கும் கரண்டால் எம்டி எகிறிவிடாது. ஏசி, கீசர், இஸ்திரிப் பெட்டி மூன்றும் அரை மணி நேரம் சேர்ந்து ஓடினால் எகிறும். அனுமதிக்கப்பட்ட பளுவைவிட எம்டி தொடர்ந்து கூடுதலாக வந்தால் கவனிக்க வேண்டியது அந்த வரியை.

தசமப் புள்ளி நான்காவது. கணக்கெடுப்பவர் புள்ளிக்கு இடப்பக்கம் உள்ளதை மட்டும் எடுப்பார். வாடகை வீடுகளில் வீட்டுக்காரர் மாட்டும் பழைய சப்மீட்டரில் புள்ளிகூட இருக்காது. கடைசி உருளை மட்டும் சிவப்பாகவோ தனிக் கட்டத்திலோ இருக்கும். 01234 கறுப்பு, 5 சிவப்பு என்றால் ரீடிங் 1,234, பன்னிரண்டாயிரம் அல்ல. குடிபோகும் நாளில் வீட்டுக்காரரும் குடித்தனக்காரரும் சேர்ந்து நின்று சப்மீட்டரை ஒரு படம் எடுத்துக்கொண்டால் பாதிச் சண்டை அன்றே தீர்ந்துவிடும்.

சிமிட்டும் விளக்கு

மீட்டரின் முகத்தில் சிமிட்டும் சிறு எல்இடிதான் வீட்டில் இருக்கும் ஆகச் சிறந்த அளவுகோல். ஆனால் மீட்டருக்கு மீட்டர் அதன் கணக்கு வேறு. முகப்பில் 3200 இம்ப்/கேடபிள்யூஎச் என்றோ 1600 என்றோ அச்சிட்டிருக்கும். அத்தனை முறை சிமிட்டினால் ஒரு யூனிட். எதிர்வீட்டு மீட்டர் மெதுவாகச் சிமிட்டுகிறது, நம்முடையது பேயாகச் சிமிட்டுகிறது என்று ஒப்பிடும் முன் இரண்டிலும் அந்த எண் ஒன்றுதானா என்று பார்க்க வேண்டும். ஒரே பளுவுக்கு 3200 மீட்டர் 1600 மீட்டரைப் போல இரண்டு மடங்கு வேகமாகத்தான் சிமிட்டும்.

பளுவைக் கண்டுபிடிக்கும் வழி எளிது. 3200 மீட்டரில், 1125-ஐ இரண்டு சிமிட்டல்களுக்கு இடையிலான விநாடியால் வகுத்தால் வாட் கிடைக்கும். 1600 மீட்டரில் 2250-ஐ வகுக்க வேண்டும். ஒரே இடைவெளியை அளந்தால் கைத்தடுமாற்றம் பெரிய பிழையாகும் என்பதால் பத்து இடைவெளிகளை அளப்பது நல்லது. பத்து இடைவெளிக்கு 45 விநாடி ஆனால், ஒன்றுக்கு 4.5, 1125-ஐ 4.5-ஆல் வகுத்தால் 250 வாட்.

இதில் எல்லோரும் வழுக்கும் இடம் ஒன்று உண்டு. கடிகாரத்தைத் தொடங்கும் முதல் சிமிட்டலை “ஒன்று” என்று எண்ணிவிடுகிறோம். அப்படிப் பத்து வரை எண்ணினால் இடைவெளி ஒன்பதுதான். விடை பத்து சதவீதத்துக்கு மேல் தவறும். முதல் சிமிட்டலைப் “பூஜ்யம்” என்று எண்ணுங்கள். பளு அதிகமிருந்து கண்ணால் எண்ண முடியாதபடி சிமிட்டினால், கைபேசியில் ஒரு நிமிட வீடியோ எடுத்து மெதுவாக ஓடவிட்டு எண்ணலாம். பளுவே இல்லாதபோது சில மீட்டர்களில் விளக்கு அணைந்திருக்கும், சிலவற்றில் எரிந்தபடியே நிற்கும், இரண்டும் கோளாறல்ல. ஸ்மார்ட் மீட்டரில் சிக்னலைக் காட்டும் விளக்கும் தனியே சிமிட்டும். அதை எண்ணிக் கணக்குப் போட்டால் வீட்டில் யாருமே இல்லாதபோதும் ஒரு கிலோவாட் ஓடுவதாக விடை வரும்.

இந்த முறையால் கிடைக்கும் மிகப் பயனுள்ள எண், ஒன்றுமே ஓடாதபோது ஓடுவது. ஏசி, ஃபேன், விளக்கு எல்லாம் அணைத்த பிறகும் வைஃபை ரவுட்டர், செட்டாப் பாக்ஸ், இன்வெர்ட்டர், காத்திருப்பு நிலையிலுள்ள டிவி, கேமரா எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக இழுக்கும். அது சேர்ந்து 100 வாட் என்றால் இரண்டு மாதத்துக்கு 144 யூனிட். 500-இல் கால்வாசிக்கும் மேல் யாரும் தொடாமலே போகிறது. ஃப்ரிட்ஜ் ஓடி ஓடி நிற்பதால் ஒரு நிமிடக் கணக்கு ஏமாற்றும். கம்ப்ரஸர் நின்றபோது ஒரு முறை, ஓடும்போது ஒரு முறை எடுங்கள். மாமியார் வீட்டுக்குப் போகும் நாளில் புறப்படும்போதும் திரும்பும்போதும் ரீடிங் எடுத்தால் இதைவிடத் துல்லியமான எண் கிடைக்கும்.

எர்த் விளக்கு எரிந்தால்

பில் புரியாத வீடுகளில் பல முறை விடை இந்த ஒரு விளக்கில்தான் இருக்கும். அதை யாரும் பார்ப்பதில்லை.

இந்தியாவில் வீட்டுக்கு மாட்டும் சிங்கிள் ஃபேஸ் மீட்டர்கள் ஃபேஸ் வயரில் போகும் கரண்டையும் நியூட்ரலில் திரும்பும் கரண்டையும் தனித்தனியே அளக்கின்றன. இரண்டும் சமமாக இருக்க வேண்டும். சமமாக இல்லையென்றால் மீட்டர் எது அதிகமோ அதை வைத்து யூனிட்டைக் கூட்டும். எர்த் அல்லது ஈஎல் என்ற குறியை எரியவிடும். திருட்டைத் தடுக்கச் செய்த ஏற்பாடு இது. ஆனால் திருடாத வீட்டிலும் வயரிங் தவறாக இருந்தால் இது பில்லை ஏற்றிவிடும்.

கீழ்த்தளத்துக்கு ஒரு மீட்டர், மேல்தளத்துக்கு ஒரு மீட்டர் உள்ள வீட்டை எடுத்துக்கொள்வோம். இன்வெர்ட்டர் லைன் இழுத்தபோதோ, படிக்கட்டு விளக்குப் போட்டபோதோ இரண்டு தளத்து நியூட்ரலும் எங்கோ ஒரு ஜங்ஷன் பாக்ஸில் சேர்ந்துவிட்டன. கீழே 1000 வாட் ஹீட்டர் ஓடுகிறது. கீழ் மீட்டரின் ஃபேஸ் வழியாக 1000 வாட்டுக்கான கரண்ட் போகிறது. கீழ் மீட்டர் 1000 வாட்டைக் கூட்டும். திரும்பும் கரண்ட் இரண்டாகப் பிரிந்து பாதி மேல் மீட்டரின் நியூட்ரல் வழியாகப் போகிறது. மேலே எதுவுமே ஓடவில்லை. ஆனால் மேல் மீட்டர் தன் நியூட்ரலில் 500 வாட்டுக்கான கரண்டைக் காண்கிறது, அதையும் கூட்டுகிறது. பயன்படுத்தியது 1000, இரண்டு மீட்டரும் சேர்த்து எண்ணியது 1500. மீட்டர் இரண்டும் சரியானவை. சோதனைக்கு அனுப்பினாலும் “நன்றாக இருக்கிறது” என்றே திரும்பி வரும்.

ஒரே மோட்டாரை இரண்டு இணைப்புகளுக்கும் பொதுவாக வைத்திருக்கும் வீடுகளில் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் ஃபேஸை மட்டும் மாற்றி, நியூட்ரலைப் பொதுவாக விட்டிருந்தால் இதே கதைதான். ஃபேஸையும் நியூட்ரலையும் சேர்த்து மாற்றும் டபுள் போல் சுவிட்சே அங்கே இருக்க வேண்டும்.

கண்டுபிடிக்கும் விதம் இது. மேல்தளத்து மெயின் சுவிட்சை ஆன் நிலையிலேயே விடுங்கள். அதற்குப் பின்னால் ஒவ்வொரு லைனுக்கும் உள்ள எம்சிபி சுவிட்சுகளை மட்டும் எல்லாவற்றையும் இறக்குங்கள். மெயினையே அணைத்தால் நியூட்ரலும் துண்டிக்கப்பட்டு உண்மை மறைந்துவிடும்; இந்தச் சோதனையைச் செய்பவர்கள் வழக்கமாகத் தவறுவது இங்கேதான். இப்போது கீழ்த்தளத்தில் கீசரையோ இஸ்திரிப் பெட்டியையோ போடுங்கள். மேல் மீட்டர் சிமிட்டினால் நியூட்ரல் கலந்திருக்கிறது. தளங்களை மாற்றியும் ஒரு முறை பார்த்துவிட்டு, பிரித்துக் கொடுக்க உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். மீட்டரின் சீலையோ டெர்மினல் மூடியையோ நீங்கள் தொட வேண்டாம். சீல் உடைந்தால் அது வேறு வழக்கு.

ஒரே மீட்டர் உள்ள வீட்டில் எர்த் விளக்கு எரிந்தால் உண்மையான கசிவாக இருக்க வாய்ப்பு அதிகம். அரித்துப்போன கீசர் எலிமென்ட், தண்ணீர் இறங்கிய சப்மெர்சிபிள் மோட்டார் வயர், சுவருக்குள் எலி கடித்த இடம். 0.3 ஆம்பியர் கசிந்தால் 69 வாட். இரவும் பகலும் கசிந்தால் இரண்டு மாதத்தில் 99 யூனிட். எம்சிபிகளை ஒவ்வொன்றாக இறக்கி, எதை இறக்கும்போது விளக்கு அணைகிறது என்று பார்த்தால் எந்த லைன் என்பது தெரிந்துவிடும். இது பணப் பிரச்சினை மட்டும் அல்ல. அந்தக் கீசரின் குழாயில்தான் குழந்தை கை வைக்கும். கசிவைக் கண்டதும் லைனை வெட்டும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி உள்ள வீட்டில் இந்தக் கசிவு யூனிட்டாக வளர்வதற்குள் லைனே டிரிப் ஆகியிருக்கும். ஆர்சிசிபி அடிக்கடி விழுகிறது என்று அதைக் கழற்றிவிட்டு நேராக இணைத்துக்கொள்வது இந்தப் பட்டியலிலேயே மோசமான தவறு.

சோலார் போட்டவர்கள்

பேனல் பொருத்தியாகிவிட்டது, இருவழி மீட்டர் இன்னும் வரவில்லை, ஆனாலும் “சும்மா ஓடட்டுமே” என்று இன்வெர்ட்டரைப் போட்டுவிடுகிறார்கள். சாதாரண டிஜிட்டல் மீட்டர்கள் பின்னோக்கி ஓடுவதில்லை. வெளியே போகும் கரண்டையும் உள்ளே வந்ததாகவே எண்ணும் மீட்டர்கள்தான் பரவலாக உள்ளன, அதுவும் திருட்டுத் தடுப்புக்காகச் செய்ததே. மொட்டைமாடியில் விளைந்த மின்சாரத்தை ஈபிக்கு இலவசமாகக் கொடுத்துவிட்டு, அதற்கு நாமே காசும் கட்டுவோம். இருவழி மீட்டர் மாட்டும்வரை காத்திருங்கள்.

மாட்டிய பிறகு திரையில் இம்போர்ட், எக்ஸ்போர்ட் என இரண்டு எண்கள் வரும். சில மீட்டர்கள் அவற்றை 1.8.0, 2.8.0 என்ற குறியீட்டில் காட்டும். முதலாவது உள்ளே வந்தது, இரண்டாவது வெளியே போனது. இம்போர்ட் எண்ணை வீட்டின் மொத்தச் செலவாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இன்வெர்ட்டர் ஆப் 600 யூனிட் உற்பத்தி என்கிறது, எக்ஸ்போர்ட் 380, இம்போர்ட் 290 என்றால், வீடு தின்றது 600-இல் 380-ஐக் கழித்து 290-ஐக் கூட்டினால் வரும் 510 யூனிட்.

ஆப்பில் தெரியும் வரைபடம்

ஸ்மார்ட் மீட்டர் அரை மணிக்கு ஒரு முறை கணக்கை எழுதிவைக்கும். ஆப்பில் தெரியும் ஒவ்வொரு தூணும் அந்த அரை மணியில் ஓடிய யூனிட். 0.8 என்று தெரிந்தால் பளு 0.8 கிலோவாட் என்று எண்ணிவிடாதீர்கள். சராசரிப் பளு 1.6 கிலோவாட். ஏசி எவ்வளவு இழுக்கிறது என்று பார்ப்பவர்கள் பாதியைக் கண்டு மகிழ்ந்துபோவது இதனால்தான். இன்னொன்று, அது நேரலை அல்ல. சுவிட்சைத் தட்டிவிட்டு ஆப்பில் தேடினால் தெரியாது. உடனடிப் பளுவுக்கு மீட்டர் திரையைத்தான் பார்க்க வேண்டும். சிக்னல் போன நேரங்களில் தூண்கள் பூஜ்யமாகத் தெரியலாம். மீட்டருக்குள் மொத்த எண் ஓடிக்கொண்டே இருக்கும், ஒன்றும் தள்ளுபடி ஆகாது. எனவே வாரம் ஒரு முறையாவது ஆப்பின் மொத்தத்தையும் திரையின் எண்ணையும் ஒத்துப் பாருங்கள்.

வாட்டை மணியால் பெருக்குவது

பெட்டியில் எழுதிய வாட்டை ஓடும் நேரத்தால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டி, பில்லோடு ஒத்துவரவில்லை என்று குழம்புவது எல்லோரும் செய்வது. ஃபேனுக்கு இந்தப் பெருக்கல் சரி. 75 வாட் சாதாரண ஃபேன் நாளுக்கு 12 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 54 யூனிட். 30 வாட் பிஎல்டிசி ஃபேன் என்றால் 21.6. முழு வேகத்துக்கான கணக்கு இது.

மோட்டாருக்கு அது பொருந்தாது. ஒரு குதிரைத்திறன் என்றால் 746 வாட் என்று பள்ளியில் படித்தது தண்டின் முனையில் கிடைக்கும் திறன். மோட்டாரின் இழப்பும் சேர்த்து லைனிலிருந்து இழுப்பது ஏறத்தாழ 1,100 வாட் வரை போகும். பழைய, பலமுறை காயில் கட்டிய மோட்டாரில் இன்னும் கூடும். தொட்டி நிரம்பும் நேரம் முன்பு 25 நிமிடமாக இருந்து இப்போது 40 ஆகியிருந்தால், அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

கீசரில் தவறு எதிர்ப்பக்கம். 2,000 வாட் கீசர் ஒரு மணி நேரம் ஆனில் இருந்தால் 2 யூனிட் என்று எழுதிவிடுகிறார்கள். 15 லிட்டரை 28 டிகிரியிலிருந்து 55-க்கு ஏற்ற அரை யூனிட்டுக்குச் சற்றுக் குறைவாகத்தான் தேவை; பதினைந்து நிமிடத்தில் தெர்மோஸ்டாட் வெட்டிவிடும். அதன் பிறகு நாள் முழுக்க ஆனிலேயே விட்டால், ஆறும் சூட்டை ஈடுகட்ட மீண்டும் மீண்டும் ஓடுவதுதான் வீண்.

ஏசியின் நட்சத்திர லேபிளில் உள்ள ஆண்டு யூனிட் 1,600 மணி நேர ஓட்டத்துக்கானது. தினமும் எட்டு மணி நேரம் என்று வைத்தால் 200 நாள். சென்னையிலோ மதுரையிலோ உங்கள் வீட்டு ஓட்டம் அதுதானா என்று பார்த்து, அந்த விகிதத்தில் கூட்டியோ குறைத்தோ கொள்ள வேண்டும். ஃப்ரிட்ஜுக்கு வாட்டைப் பெருக்கவே வேண்டாம். லேபிளில் உள்ள ஆண்டு யூனிட்டை ஆறால் வகுத்தால் ஒரு பில்லுக்கான உத்தேசம் கிடைக்கும்.

கிளாம்ப் மீட்டர் வாங்கி அளப்பவர்கள் இரண்டு வயரையும் சேர்த்துக் கவ்வவைத்து, “பூஜ்யம் காட்டுது” என்பார்கள். போகும் கரண்டும் திரும்பும் கரண்டும் ஒன்றையொன்று கழித்துவிடும். ஃபேஸ் வயர் ஒன்றை மட்டும்தான் கவ்வ வேண்டும். வந்த ஆம்பியரை 230-ஆல் பெருக்கி வாட் என்று எழுதுவதும் பிழை. ஃப்ரிட்ஜ் 0.9 ஆம்பியர் இழுத்தால் பெருக்கல் 207 என்று சொல்லும்; பவர் ஃபேக்டர், அதாவது அந்தப் பெருக்கலில் உண்மையில் வேலை செய்யும் பங்கு, 0.65 என்றால் உண்மை 135 வாட்தான். பிளக்கில் சொருகும் வாட் மீட்டர் இதைத் தானே பார்த்துக்கொள்ளும். அது 10 ஆம்பியர் வகையா 16 ஆம்பியர் வகையா என்று பார்த்து வாங்குங்கள். 3,000 வாட் இன்ஸ்டன்ட் கீசர் 13 ஆம்பியர் இழுக்கும். 10 ஆம்பியர் ஸ்மார்ட் பிளக் அதில் உருகிவிடும்.

புது மீட்டர் வேகமாக ஓடுகிறதா?

சக்கரம் சுழலும் பழைய மீட்டரைக் கழற்றிப் புதியதை மாட்டியதும் யூனிட் கூடுவது பல வீடுகளில் உண்மைதான். தேய்ந்துபோன பழைய சக்கரம் சில வாட் பளுவுக்கு அசையவே அசையாது. புதிய மீட்டர் செட்டாப் பாக்ஸையும் கொசுவிரட்டியையும்கூட எண்ணும். வீட்டு மீட்டர்கள் பொதுவாக கிளாஸ் 1 வகை, அதாவது ஒரு சதவீதப் பிழைக்குள் இருக்க வேண்டியவை. பில் முப்பது சதவீதம் ஏறியிருந்தால் மீட்டரைக் குறைசொல்லும் முன் எர்த் விளக்கையும் நாள் கணக்கையும் பார்ப்பதே வழி.

சந்தேகம் தீரவில்லையென்றால் வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம்; அதிலும் இரண்டு குழிகள் உண்டு. மெயின் தவிர எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, 1,500 வாட் ஹீட்டர் ராடை 20 லிட்டர் பிளாஸ்டிக் வாளித் தண்ணீரில் வைத்து 20 நிமிடம் ஓட விடுங்கள். ஓடும்போது தண்ணீரில் கை வைக்காதீர்கள். அரை யூனிட் ஓட வேண்டும் என்று எதிர்பார்ப்போம். ஆனால் மாலையில் வோல்டேஜ் 207-க்கு இறங்கியிருந்தால் அதே ராட் 1,215 வாட்தான் இழுக்கும், 0.40 யூனிட்டுக்கு மேல் ஓடாது. வோல்டேஜ் பத்து சதவீதம் குறைந்தால் சூடாக்கும் கருவியின் வாட் பத்தொன்பது சதவீதம் குறையும். எனவே ஓடும்போது மீட்டர் காட்டும் வோல்டேஜைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த குழி, திரையில் தசம இடம் ஒன்றுதான் இருந்தால் 0.4-க்கும் 0.5-க்கும் இடையிலான ஒரு தாவலே பெரும் பிழையாகிவிடும். அங்கே எல்இடியை எண்ணுவதே சரி. 3200 மீட்டரில் 0.40 யூனிட்டுக்குச் சுமார் 1,280 சிமிட்டல். இரண்டு நிமிட வீடியோ எடுத்து எண்ணிப் பத்தால் பெருக்கினால் போதும்.

இதிலும் மீட்டர் கூடுதலாகவே எண்ணுகிறது என்று தெரிந்தால் எழுத்தில் புகார் கொடுங்கள். மத்திய அரசின் மின் நுகர்வோர் உரிமை விதிகளில் 2024 பிப்ரவரியில் வந்த திருத்தத்தின்படி, ரீடிங் உண்மை ஓட்டத்துக்குப் பொருந்தவில்லை என்று புகார் வந்தால் ஐந்து நாளுக்குள் கூடுதலாக ஒரு மீட்டர் மாட்டி, குறைந்தது மூன்று மாதம் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். வாய்மொழியாகச் சொல்லிவிட்டு வருவதால் இந்த ஐந்து நாள் கணக்கு தொடங்காது. ஒப்புகை எண் வாங்குங்கள்.

புகாரோடு வைக்க வேண்டியது ரீடிங் எழுதும் வெள்ளை அட்டையின் நகலும் உங்கள் ரீடிங் குறிப்பும். அந்தக் குறிப்புக்குத் தனி ஆப் வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை ஒரே நேரத்தில் மீட்டரை ஒரு படம். மீட்டரின் வரிசை எண், கேடபிள்யூஎச் என்ற எழுத்து, எண் மூன்றும் ஒரே படத்தில் தெரிய வேண்டும். திரை மாறிக்கொண்டே இருப்பதால் பட்டனை அழுத்தி அந்த வரி வந்ததும் எடுங்கள். காலண்டரில் அன்றைய கட்டத்தில் ரீடிங்கையும், அதன் கீழே போன வாரத்திலிருந்து ஓடிய யூனிட்டை ஏழால் வகுத்த எண்ணையும் எழுதுங்கள். அந்த எண், 500-ஐ அறுபது நாளால் வகுத்தால் வரும் 8.3-ஐத் தாண்டிய வாரத்தில், ரீடிங் எடுத்த நாளிலிருந்து எத்தனையாவது நாள் என்று எண்ணிப் பாருங்கள்.